ஏரிகளுக்குப் போவது சரி, எங்கிருந்து திரும்புவீர்கள்?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். காஷ்மீரில் சோனாமார்க்கில் தொடங்கி விஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் ஏரிகள் வழியாக நாராநாக்கில் இறங்கும் மலைநடைக்குப் போக வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. நான், மனைவி (44), கல்லூரியில் படிக்கும் மகள் (19), நண்பர்கள் இரண்டு பேர் என ஐந்து பேர். ஜூலை முதல் வாரத்தில் போய் ஆறு நாளில் நடந்து முடித்துவிட்டு, மறுநாளே ஸ்ரீநகரிலிருந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். பாதையின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துவிட்டோம்; அதனால் கைடு தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ பையை நாங்களே சுமப்போம். நானும் நண்பர்களும் வெள்ளியங்கிரி மலைக்கு வருடா வருடம் போய் வருகிறோம். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. மனைவி தினமும் நடப்பவள். ஆனாலும் "நான் வந்தால் உங்களுக்குப் பாரம்" என்று தயங்குகிறாள். எங்கள் திட்டம் சரியா? அங்கே நம் சாப்பாடு கிடைக்குமா? ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

பதில்:

வணக்கம். போகலாம், ஐந்து பேருமே போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எப்படி ஏறுவது, எத்தனை நாளில் முடிப்பது, எவ்வளவு சுமப்பது எல்லாம் இருக்கிறது. நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எந்த வழியாகத் திரும்புவது என்பது மட்டும் இல்லை. இந்த மலைநடையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். வெள்ளியங்கிரியில் ஐந்தாவது மலையில் உட்கார்ந்துவிட்டாலும் வந்த வழியே மெதுவாக இறங்கினால் அடிவாரத்துப் பூண்டி வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. நடுவில் இருக்கும் மூன்று, நான்கு நாட்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கணவாய் ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

பாதையைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், அப்போது புரியும். சோனாமார்க் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் அங்கிருந்து பைன் மரங்களும் பூர்ஜ மரங்களும் உள்ள சரிவில் ஏறி, ஓடையை ஒட்டி நடந்து நிச்னாய் முகாமுக்குப் போவீர்கள். அது சுமார் 3,500 மீட்டர். இரண்டாம் நாள் ஏறத்தாழ 4,000 மீட்டரில் உள்ள நிச்னாய் கணவாயைக் கடந்து விஷன்சர் ஏரிக்கு இறங்க வேண்டும். அடுத்து வருவதுதான் பயணத்திலேயே உயரமான இடம், கிட்டத்தட்ட 4,200 மீட்டரில் இருக்கும் கட்சர் கணவாய். அதைத் தாண்டினால் கட்சர் ஏரி, மறுநாள் சத்சர், அதற்கு மறுநாள் ஜாஜ் கணவாய் ஏறி இறங்கினால் ஹர்முக் சிகரத்தின் அடியில் நந்த்கோல், கங்காபல் என்ற இரட்டை ஏரிகள். கடைசி நாள் நாராநாக் வரை ஒரே இறக்கம். மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இதில் இரவு தூங்கும் உயரத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஈரோடு 200 மீட்டர்கூட இல்லை. ஸ்ரீநகர் சுமார் 1,600, சோனாமார்க் 2,700, நிச்னாய் 3,500. அதற்குப் பிறகு கடைசி முகாம் வரை எல்லாமே 3,500-க்கும் 3,700-க்கும் இடையில்தான். அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடம்புக்கு வரும் அதிர்ச்சியெல்லாம் (உயர நோய் என்பது இதனால்தான்) முதல் இரண்டு, மூன்று ராத்திரிகளிலேயே வந்துவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. சோனாமார்க்கிலிருந்து நிச்னாய்க்கு ஒரே நாளில் 800 மீட்டர் ஏறுகிறீர்கள். நடுவில் தங்க வசதியான இடம் கிடைப்பது கடினம் என்பதால் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஆகவே அதற்கு முன்னும் பின்னும் நாட்களைக் கூட்டித்தான் இதை ஈடுகட்ட முடியும். உங்கள் ஆறு நாள் கணக்கில் அந்த நாட்கள்தான் வெட்டுப்பட்டிருக்கின்றன.

நான் போட்டுத் தரும் கணக்கு இது. ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி. சோனாமார்க்கில் இரண்டு ராத்திரி. நடுவில் இருக்கும் பகலில் சும்மா அறையில் கிடக்காமல் தாஜிவாஸ் பனிப்பாறைப் பக்கம் நடந்து ஏறிவிட்டு, தூங்கக் கீழே வந்துவிடுங்கள். அப்புறம் நிச்னாய். அப்புறம் விஷன்சரில் இரண்டு ராத்திரி. ஓய்வு நாளில் மேலே இருக்கும் கிஷன்சர் ஏரி வரை கைவீசிப் போய் வரலாம். பிறகு கட்சர், சத்சர், கங்காபல் ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி, நாராநாக் இறக்கம். இதோடு மழைக்கென்று ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கடையை மூடிவிட்டு இத்தனை நாள் எப்படி என்று யோசிப்பீர்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் இந்தப் பாதை வேண்டாம். வேறு பாதை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முடிவெடுக்க வேண்டிய இடம் நிச்னாய், நேரம் இரண்டாம் நாள் காலை. அதுவரை வந்த வழியே திரும்பினால் முழுக்க இறக்கம், அன்று மாலையே சோனாமார்க்கில் ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். நிச்னாய் கணவாயைத் தாண்டி விஷன்சர் பக்கம் இறங்கிவிட்டால் திரும்புவதற்கு மறுபடி 4,000 மீட்டர் ஏற வேண்டும். நோயாளியை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது என்பது, நோய்க்கு என்ன செய்யக்கூடாதோ அதையே செய்வது. கட்சர் கணவாயையும் தாண்டிவிட்டால் பின்னால் திரும்புவதைவிட முன்னால் போய் இறங்குவதே சில சமயம் சுலபம். கட்சரிலிருந்து ஆறு இறங்கிப் போகும் பள்ளத்தாக்கு எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுப் பக்கம் போகிறது. நாம் நினைத்தபடி இறங்கி நடக்கும் வழி இல்லை அது. ஹெலிகாப்டர் வரும் என்ற நினைப்பே வேண்டாம். அங்கே ஆம்புலன்ஸ் என்றால் குதிரைதான்.

அதனால் நிச்னாயில் விடிந்ததும் டென்டை மடிக்கும் முன் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி. தலை வலிக்கிறதா? நேற்று ராத்திரி சாப்பிட்டாயா, அது தங்கியதா? தூங்கினாயா? தலை சுற்றுகிறதா? லேசான தலைவலி மட்டும் இருந்து, தண்ணீர் குடித்து ஒரு பாராசிட்டமால் போட்டதும் போய்விட்டால் பயமில்லை. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்து, முகம் வெளிறி, காலைச் சாப்பாட்டைப் பார்த்ததுமே ஒருவர் ஒதுங்கினால் அவர் அன்று மேலே ஏறக்கூடாது. அங்கேயே ஒரு நாள் இருந்து பார்க்கலாம். குறையவில்லையென்றால் இறங்கிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு அறிகுறிகளை ஐந்து பேரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடாமல் வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தால், நடுராத்திரியானாலும் ஆள் துணையோடு உடனே இறக்கப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர், மருந்து எல்லாம் நேரம் வாங்கித் தருபவை மட்டுமே. உயரம் குறைவதுதான் வைத்தியம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருப்பீர்கள், இப்போது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதைக் கொண்டு வாருங்கள், ஆனால் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எண்ணை நம்பி அறிகுறியை ஒதுக்கவும் வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தால் அது தப்பாகவே காட்டும்; கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

உங்கள் ரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். கட்டுப்பாட்டில் இருந்தால் தடையில்லை. ஆனால் உயரத்தில் முதல் சில நாட்கள் அழுத்தம் கூடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மருத்துவரிடம் இந்த உயரங்களை எழுதிக் காட்டிக் கேளுங்கள். உயர நோய் வராமல் இருக்க டயமாக்ஸ் என்று விற்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலர் மேலே ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அது சிறுநீரை அதிகமாக்கும். உங்கள் அழுத்த மாத்திரையும் அதே வேலை செய்யும் வகையாக இருந்தால் இரண்டையும் சேர்ப்பதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து ஒத்துக்கொண்டாலும் விரல் நுனிகள் மதமதவென்று இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம் என்பதை நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் மனைவி பாரம் இல்லை. நான் கூட்டிப்போகும் குழுக்களில் முதலில் படுப்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள்தான். உடம்பு தெம்பாக இருப்பதற்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தம் இல்லை. தெம்பு இருப்பவர் முதல் நாளே ஓடி ஏறுவார், தண்ணீர் குடிக்க நிற்கமாட்டார், ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். உங்கள் மனைவியின் வேகம் அதுவாகத்தான் இருக்கும். அவரை வரிசையில் முன்னால் விட்டு, மற்ற நால்வரும் அவர் பின்னால் நடங்கள். கண் வைக்க வேண்டியது மகள் மேல். தலை வலித்தாலும் அப்பாவின் வெகுநாள் ஆசை கெட்டுவிடுமே என்று சொல்லாமல் இருப்பாள். சொன்னால் திட்டமாட்டேன், திரும்பிவிடலாம் என்று ஊரிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கைடு விஷயம். போனில் இறக்கிய வரைபடம் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அந்தப் புல்வெளிகளில் ஆட்டுத் தடங்களே பத்துப் பதினைந்து பிரியும். மூடுபனி இறங்கினால் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, குளிரில் பேட்டரி பாதி நாளில் தீரும். அது போகட்டும், வழி காட்டுவது கைடு செய்யும் வேலையில் சிறு பகுதி. இன்று ஓடையை எந்த இடத்தில் கடக்கலாம், எந்த மேகத்துக்கு டென்டை விட்டு நகரக்கூடாது, அடுத்த பள்ளத்தில் எந்த பக்கர்வால் குடும்பம் ஆடு மேய்க்கிறது, ராத்திரி ஒருவரை இறக்க வேண்டுமென்றால் யாரிடம் குதிரை கேட்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த மேய்ப்பர்களின் நாய்கள் ஓநாயையும் கரடியையும் விரட்டப் பழகியவை. முன்னால் உள்ளூர்க்காரர் நடந்தால் அடங்கி நிற்கும், நீங்கள் மட்டும் போனால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தவிர, இது அனுமதி வாங்கிப் போக வேண்டிய பகுதி. வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, அசல் அடையாள அட்டை இல்லாமல் தாண்ட விடமாட்டார்கள். ஆதாரின் நகல் போதாது. சாவடியையும் முகாமையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் கொண்டுவராதீர்கள். நண்பர்களில் யாராவது வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வாங்கி வந்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், ஸ்ரீநகர் விமான நிலையத்திலேயே மாட்டுவார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. எது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்தது. ஆகையால் நீங்கள் போகும் மாதத்தில் இந்தப் பாதைக்கு அனுமதி தருகிறார்களா என்று உள்ளூர் ஏற்பாட்டாளர் எழுத்தில் உறுதி சொல்லும் வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது மெனு, டென்டின் படம், தள்ளுபடி எதையும் கேட்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்களில் ஒருவர் மூன்றாம் நாள் திரும்ப வேண்டியிருந்தால் அவரோடு யார் போவார், மற்ற நால்வரோடு யார் இருப்பார்?" இதற்கு உடனே பதில் வந்தால் நல்ல ஆள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் போனை வைத்துவிடுங்கள். ஐந்து பேருக்குக் குறைந்தது ஒரு கைடும் மலை தெரிந்த ஓர் உதவியாளரும் வேண்டும். சமையல்காரரை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஏறிச் சவாரி செய்யக்கூடிய குதிரை ஒன்று கூட்டத்தோடு வர வேண்டும், முதலுதவி படித்த ஒருவர் இருக்க வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று சோனாமார்க்கிலேயே திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

குதிரை வருகிறது என்றால் பன்னிரண்டு கிலோவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? டென்ட், ஸ்லீப்பிங் பேக், மாற்று உடை எல்லாம் குதிரை மேல் போகட்டும். உங்கள் முதுகில் ஆறு கிலோ இருந்தால் போதும். தண்ணீர் இரண்டு லிட்டர், மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தலையில் மாட்டும் டார்ச், மருந்து, அடையாள அட்டை, கொறிக்க ஏதாவது. குதிரை எப்போதும் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோதான் இருக்கும் என்பதால், மழைக்கோட்டைக் குதிரைப் பையில் வைத்தவர் நனைந்தே தீருவார். பருத்தித் துணி எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் அறவே வேண்டாம். வெள்ளியங்கிரியில் காவி வேட்டியோடு ஏறலாம். அங்கே நனைந்த பருத்தி உடம்பிலேயே காயாமல் கிடந்து சூட்டை உறிஞ்சிவிடும். ஆகஸ்டிலும் ராத்திரி ஐந்து டிகிரிக்குப் பக்கம் போகும்.

ஜூலை முதல் வாரத்தை மாற்றுங்கள். கணவாய்களில் அப்போதும் பனி கிடக்கும். பனி உருகி ஓடைகள் பொங்கும், ஓடை மேல் பாலம்போல் நிற்கும் பனி அடியில் கரைந்து எப்போது உள்வாங்கும் என்று தெரியாது. அதோடு அமர்நாத் யாத்திரையும் அப்போதுதான் நடக்கும். பால்டால் அடிவாரம் சோனாமார்க்குக்குப் பக்கத்தில்தான் இருப்பதால் சாலையில் கான்வாய் கட்டுப்பாடு, அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். பூக்கள்தான் வேண்டும் என்றால் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. கட்சர் பள்ளத்தாக்கு முழுக்கப் பூத்துக் கிடக்கும். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி வாரம், செப்டம்பர் முதல் வாரம். பூ குறைந்திருக்கும், புல் பழுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் ஓடைகள் அடங்கியிருக்கும். மழை வராது என்று சொல்லவில்லை. 2014 செப்டம்பரில்தான் காஷ்மீரையே மூழ்கடித்த வெள்ளம் வந்தது. அந்தக் கையிருப்பு நாள் அதற்குத்தான்.

ஓடை கடப்பதைச் சோனாமார்க்கிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். பனி உருகி வரும் ஓடை காலையில் வற்றி, வெயில் ஏற ஏறப் பெருகும். காலை ஏழு மணிக்கு முழங்காலுக்குக் கீழே ஓடியது மதியம் மூன்று மணிக்குத் தொடையைத் தொடும். அதனால்தான் கைடு விடியும் முன்பே எழுப்புவார், அவர்மேல் கோபப்படாதீர்கள். தண்ணீரில் இறங்கும் முன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பையில் கட்டிவிட்டுப் பின்பட்டை உள்ள செருப்பைப் போடுங்கள். வெறுங்காலோடு இறங்கினால் மூன்றாவது அடியில் கால் மரத்துப்போய் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை போகட்டும், உங்களை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக எடுத்து வையுங்கள்.

இனி பயிற்சி. நீங்களும் நண்பர்களும் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கங்காபலிலிருந்து நாராநாக்குக்குக் கடைசி நாள் இறங்குவது சுமார் 1,300 மீட்டர். ஆறு நாள் நடந்த காலோடு அதை இறங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிளம்புவதற்கு நாலு மாதம் முன்பிருந்து வாரத்தில் மூன்று நாள், ஆறு கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது லிஃப்டில் வராதீர்கள். வெள்ளியங்கிரி பாதை மூடியிருக்கும் மாதங்களில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள் இருக்கின்றன. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு தொடங்கினார்கள், இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். ஐந்து பேரும் அதே ஷூ, அதே பையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் யார் முகம் சுளிக்கிறார் என்று பார்ப்பதுதான் பயிற்சி. ஷூவைக் காஷ்மீருக்கென்று புதிதாக வாங்கி அங்கே பிரிக்காதீர்கள். குதிகாலில் எங்கேயாவது சுருக்கென்று சூடாகத் தெரிந்தால் அந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, காய்ந்த தோலில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொப்புளம் உடைந்து கட்சர் கணவாயில் நொண்டுவீர்கள். கால் நகங்களைக் கிளம்பும் முன் ஒட்ட வெட்டிவிடுங்கள், கடைசி நாள் இறக்கத்தில் அதன் அருமை தெரியும்.

மனைவிக்கும் மகளுக்கும் ஒரு வார்த்தை. மாதவிலக்கு நாட்கள் உயரத்தில் முன்னேபின்னே ஆகலாம், தேதி தள்ளியிருக்கிறதே என்று நாப்கின் எடுக்காமல் வராதீர்கள். பயன்படுத்தியதை அங்கே புதைக்கக்கூடாது. கறுப்புக் கவருக்குள் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழி தோண்டும் கழிப்பறை டென்ட் ஏரிக்கரையிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது இருநூறு அடி தள்ளி இருக்கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஒரு ஊர் குடிக்கிறது. நீங்களும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ, குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். பளிங்குபோல இருக்கிறதே என்று அள்ளிக் குடிக்காதீர்கள், மேலே ஆயிரம் ஆடு மேய்கிறது.

சாப்பாடு கிடைக்கும். ராஜ்மா, பருப்பு, சோறு, சப்பாத்தி, காய்கறி எல்லாம் சமைத்துத் தருவார்கள். 3,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது, நம்ம ஊர் புழுங்கலரிசியைச் சுமந்துகொண்டு போய் அந்தச் சமையல்காரரைச் சோதிக்க வேண்டாம். ஆனால் உயரத்தில் பசி செத்துவிடும். அப்போது பழகிய ருசி ஒன்று இருந்தால் நாலு வாய் இறங்கும். பருப்புப் பொடி, நெய், எலுமிச்சை ஊறுகாய், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எடுத்துப் போங்கள். முதல் நாள் மதியத்துக்கு ஸ்ரீநகரில் என்னவோ வாங்குவதைவிட, வீட்டில் காய்ச்சின புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தால் சோனாமார்க்கில் சோறு வாங்கிக் கிளறிக்கொள்ளலாம். ஈரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை.

மகளுக்குச் சொல்லுங்கள்: ஏரியில் குளிக்கக்கூடாது. இதில் நான் கறார். உருகிய பனித் தண்ணீர் அது. குதித்ததும் மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும், அந்த ஒரு மூச்சில் தண்ணீர் போனால் நீச்சல் வீராங்கனையாக இருந்தாலும் கரை சேர முடியாது. கரையில் உட்கார்ந்து காலை நனைக்கட்டும், போதும். விஷன்சரில் ட்ரௌட் மீன் ஏராளம். தூண்டில் போட மீன்வளத் துறை அனுமதி வேண்டும், அதை ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கங்காபல் காஷ்மீரி பண்டிதர்களுக்குப் புனிதமான ஏரி. ஆண்டுதோறும் அங்கே யாத்திரை போகிறார்கள். நாராநாக்கில் இறங்கியதும் சாலைக்குப் பக்கத்திலேயே காஷ்மீர் மன்னர் லலிதாதித்தன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் எட்டாம் நூற்றாண்டுக் கற்கோயில்கள் இடிந்து நிற்கின்றன. வண்டி காத்திருக்கிறதே என்று ஓடாமல் ஒரு மணி நேரம் அங்கே செலவிடுங்கள், உங்கள் காலுக்கும் ஓய்வு.

இவ்வளவு நாள் ஒதுக்க முடியாது என்றால் தர்சர் ஏரிக்குப் போங்கள். பஹல்காமுக்கு மேலே சுமார் 2,400 மீட்டரில் உள்ள ஆரு கிராமத்தில் தொடங்கி லிடர்வத், ஷேக்வாஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றம். ஏரி சுமார் 3,800 மீட்டரில் இருக்கிறது. வந்த வழியே திரும்புவதாக வைத்துக்கொண்டால் எந்த நாள், எந்த இடத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் கீழ்நோக்கி நடந்தால் ஆரு வந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு முதல் இமயமலை நடை இதுவாக இருப்பதைத்தான் நான் விரும்புவேன். கங்காபல் ஏரியை மட்டும் நாராநாக்கிலிருந்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. திரும்பும் வழி சுலபம், ஆனால் முதல் நாளே செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும். இரண்டு இடங்களுக்கும் அனுமதி பற்றி மேலே சொன்னதே பொருந்தும்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஐந்து பேரில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். சோனாமார்க் தாண்டினால் எந்த சிம்மும் வேலை செய்யாது. எந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி, ஏற்பாட்டாளரின் எண்ணோடு வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். காப்பீடு எடுக்கும்போது மலைநடை, எத்தனை மீட்டர் வரை என்பது பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. பவர் பேங்க் கைப்பையில், நடைத்தடி பெட்டியில், அடுப்பு கேஸ் குப்பி எதிலுமே கூடாது. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வாசலுக்கு வெளியிலேயே பெட்டிகளை இறக்கிச் சோதிப்பார்கள், திரும்பும்போது மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அந்தத் திரும்பும் டிக்கெட்டை நாராநாக்கில் இறங்கும் நாளுக்கு மறுநாள் போடாதீர்கள். ஒரு நாள் விட்டுப் போடுங்கள், முடிந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.